புறனடையும் விதிவிலக்கும்

இலக்கண நூலார் விதி கூறி முடித்தவிடத்துப் புறனடை நூற்பா ஒன்றனை அமைப்பர். விதியுள் அடங்காது எஞ்சியவற்றையும் தழுவிக்கொள்வதே அதன் தொழில். கணிப்பொறி நிரல் எழுதுவார் விதிவிலக்குக் கையாளல் என்பது இதனோடு ஒருபுடை ஒத்தது. அதனை வடசென்னைத் துறைமுகங்களைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

பொருள்வழி நிரலாக்கம், நார்வே நாட்டின் ஓலே-யோகான் தால், கிறிஸ்டன் நிகார்டு என்னும் இருவர் அமைத்த சிமுலா 67 மொழியில் வடிவம் பெற்றது. இம்முறையில் 'கப்பல்' என்னும் பொதுவடிவம் வகுப்பு எனப்படும். இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் தனிக்கப்பல் ஒவ்வொன்றும் அவ்வகுப்பின் பொருள். எண்ணூருக்கு நிலக்கரி கொணரும் கப்பலும் எரிவாயு கொணரும் கப்பலும் அவ்வகுப்பின் பண்புகளை வழிவழிப் பெறுவன, இது மரபுரிமை. 'சரக்கை இறக்குக' என்னும் ஒரே ஆணைக்கு முன்னது பாரந்தூக்கியால் இறக்கும். பின்னது குழாய்வழிச் செலுத்தும். இது பல்லுருவம். கப்பலின் உள்ளமைப்பைத் துறையிலுள்ளார் அறிய வேண்டாமை உறைபொதிவு எனப்படும்.

இனி விதிவிலக்கு. பாரந்தூக்கி இயக்குவார் ஒருவர், எடை வரம்பை மிஞ்சிய பெட்டியொன்றைக் காண்கின்றார் எனக் கொள்வோம். தம்மால் தீர்க்கவியலாததை மேற்பார்வையாளர்க்கு அறிவிப்பார். அவராலும் இயலாதேல் அவர்க்கும் மேலுள்ளார்க்குச் செல்லும். நிரலிலும் இடர் தோன்றிய கூறு அதனை 'எறியும்'. அக்கூற்றை அழைத்தவற்றுள் ஒன்று 'பற்றும்'. பற்றுவது எதுவும் இல்லையேல் நிரல் நின்றுவிடும். 1996 சூன் 4-இல் ஏரியன் 5 ஏவூர்தி அழிந்தது இதனாலேயே. ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்தாண்ட நிரற்பகுதி, 32,767-க்கு மேற்பட்ட எண்ணை ஏலாத இடத்தில் அதனினும் பெரிய எண்ணை இட முயன்றது. எழுந்த விதிவிலக்கைப் பற்றுவதின்மையின் வழிகாட்டும் கருவிகள் இரண்டும் நின்றன. சுமார் 40 வினாடிகளில் ஏவூர்தி சிதறியது.

பற்றாமை குற்றம், பற்றிவிட்டு வாளாவிருத்தல் அதனினும் பெருங்குற்றம் என்பது எம் கருத்து. நிரலாளர் சிலர் பற்றும் பகுதியை வெற்றிடமாக விடுவர். பிழை மறையும், தீங்கு மறையாது. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அருகே 2017 சனவரி 28-இல் டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றே முதல்நாள் அறிவிப்புக் கூறிற்று. அடுத்த நாள்களில் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் எண்ணெய்ப் படலம் ஒதுங்கிற்று. மீனவரும் தொண்டரும் அதனை வாளிகளால் அள்ளினர்.