எம்.பி.யின் பேரேடு: நாடாளுமன்ற உறுப்பினரின் பணியைப் படிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. சொந்த ஊர்த் தொகுதி உறுப்பினரைப் பற்றிய புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐந்து வருஷத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காதவருக்கா நம் சொந்தபந்தங்கள் ஓட்டுப் போட்டார்கள்?" என்று காரசாரமாகப் பேசிவிட்டேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. பிறகு காபி சாப்பிடும்போது, நாடாளுமன்றச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "நயினாரே, அவர் மந்திரியா இருந்தவர். மந்திரி கேள்வி கேட்கமாட்டார், பதில்தான் சொல்வார். வருகைப் பதிவேட்டில கையெழுத்துக்கூடப் போடவேண்டியதில்லை."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. நாற்பது வருஷம் கணக்குப் பார்த்தவன், கணக்கின் தலைப்பைப் படிக்காமல் தொகையை மட்டும் படித்து ஒரு மனிதரைப் பழித்துவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை. நமக்கு ஓட்டு இங்கே, மனசு அங்கே. இரண்டு இடத்து உறுப்பினர்களையும் எடைபோடுகிறவர்கள் நாம். ஆகவே தராசைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வாக்கு ஏன் பதிவாவதில்லை?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எந்தெந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று பெயர்வாரியாகப் பெரும்பாலும் பார்த்துவிடலாம். நம் நாட்டில் அப்படியில்லை. இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. அவைத் தலைவர் 'ஆம்' என்போரையும் 'இல்லை' என்போரையும் குரல் கொடுக்கச் சொல்லி, எந்தக் குரல் ஓங்கியது என்று அறிவிப்பார். யார் பெயரும் ஏட்டில் ஏறாது.

அந்த முடிவை உறுப்பினர் யாராவது ஏற்க மறுத்து 'டிவிஷன்' கேட்டால்தான் எண்ணிப் பார்ப்பார்கள். மக்களவையில் அப்போது மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். வெளியே இருப்பவர்கள் ஓடிவந்து இருக்கையில் அமர்ந்து பொத்தானை அழுத்துவார்கள். அப்போது மட்டுமே பெயர் பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மட்டும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டியிருப்பதால் எண்ணியே தீரவேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0 என்று துல்லியமாக நமக்குத் தெரிவது அதனால்தான். ஆனால் 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டும், அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேறின. கேட்டவர்கள் தம் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. நாட்டையே உலுக்கிய அந்தச் சட்டங்களுக்கு அன்று யார் யார் எப்பக்கம் நின்றார்கள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

கொறடாவின் கயிறு

பெயர் பதிவானாலும் அது உறுப்பினரின் சொந்த மனசா என்று கேட்கவேண்டும். 1985இல் வந்த 52ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சி தாவுவதைத் தடுக்க வந்த சட்டம் இது. கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று ஓடியவர்களை அது கொஞ்சம் நிறுத்தியது. கூடவே, மனசாட்சிப்படி மாறி வாக்களிக்க நினைப்பவரின் கையையும் கட்டிவிட்டது. ஆகவே வாக்கைப் பார்த்தால் கட்சி தெரியும், மனிதர் தெரியமாட்டார்.

மனிதரை எங்கே தேடுவது?

முதலாவது, கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், குலுக்கலில் தேர்வாகும். அமைச்சர் எழுந்து பதில் சொல்லவேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எத்தனை கேள்வி என்பதைவிட என்ன கேள்வி என்று பாருங்கள். நூறு கேள்விகளில் ஒன்றாவது தொகுதியின் ஏரி, ரயில், நெசவு பற்றி இருக்கிறதா?

இரண்டாவது, நிலைக்குழு. 1993இல் 17 துறைக் குழுக்கள் அமைந்தன. 2004இல் 24 ஆயின. இவை மூடிய கதவுக்குள் நடப்பவை. அங்கே ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பது எந்த எண்ணிக்கையிலும் வராது. ஆனால் குழு அறிக்கையில் மாறுபட்ட கருத்து எழுதியிருந்தால் அது அச்சாகும்.

மூன்றாவது, தனி உறுப்பினர் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினரும் சட்ட முன்வரைவு கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் இதற்கென்றே உண்டு. பாதி அவை அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருக்கும். 1970க்குப் பிறகு இப்படி வந்த எந்த மசோதாவும் சட்டமானதில்லை. பின்னே எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். இதோ ஓர் உதாரணம்.

இரண்டு நாட்கள், இரண்டு பதிவுகள்

மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஏற்றுத் தீர்ப்பளித்தது. திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து 2008லேயே வழிகாட்டியிருந்தது தமிழ்நாடு. அந்த மாநிலத்திலிருந்து தி.மு.க. உறுப்பினராக மாநிலங்களவையில் இருந்த திருச்சி சிவா, 2014 டிசம்பரில் அவர்களுடைய உரிமைகளுக்காக ஒரு தனி மசோதாவை அறிமுகப்படுத்தினார். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, அது முடிவுக்கு வந்தது. அமைச்சர் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். இப்படிக் கேட்டால் உறுப்பினர்கள் இசைவதுதான் வழக்கம், சிவா இசையவில்லை. கடைசியில் அவை ஒருமனதாக, குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது.

மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு 2016இல் தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. அது காலாவதியாகி, புதிய வடிவில் 2019 நவம்பர் 26 அன்று மாநிலங்களவைக்கு வந்தபோது, உரியவர்களே குறை சொல்லும் பிரிவுகள் அதில் இருந்தன. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேர்வுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்று சிவா தீர்மானம் கொண்டுவந்து டிவிஷனும் நடந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. தீர்மானம் தோற்றது, மசோதா நிறைவேறியது.

இப்போது பேரேட்டைப் பாருங்கள். அவர் வென்ற நாளில் வாக்குப் பதிவே இல்லை. தோற்ற நாளில் எண்ணிக்கை இருக்கிறது. 'நிறைவேறிய சட்டங்கள்' என்ற பத்தியில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை மட்டும் படிப்பவர், நான் அந்தப் பொங்கலன்று செய்த தப்பைத்தான் செய்வார்.

நாம் செய்யக்கூடியது

வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று அவைக்கே இரண்டு அதிகாரம் வைத்தார். அவையில் பேசுகிறவருக்கு அவ்வளவு தகுதி வேண்டுமென்றால், வெளியே இருந்து அவரை எடைபோடும் நமக்கும் கொஞ்சம் தகுதி வேண்டும் அல்லவா? ஒரு பொருளைப் பல கோணத்தில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்று எங்கள் சமணத்தில் அநேகாந்தம் சொல்லும்.

ஆகவே பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். உங்கள் உறுப்பினர் அமைச்சரா, ஆளுங்கட்சியா, எதிர்க்கட்சியா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவை நடவடிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் பேசிய ஒரு பேச்சையாவது முழுசாகப் படியுங்கள். எந்தக் குழுவில் இருக்கிறார், டிவிஷன் நடந்த நாட்களில் அவையில் இருந்தாரா என்று பாருங்கள். பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதி, இன்ன மசோதாவில் உங்கள் நிலை என்ன என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுவும் ஒரு பதிவு, வராவிட்டால் அதுவும் ஒரு பதிவு.

அந்தப் பழைய அமைச்சருக்கு நானும் கடிதம் எழுதினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டேன்.