விசை ஓய்ந்தால் ஆள் இல்லையா?

வங்கிக் கணக்கையோ நோயாளிப் பதிவேட்டையோ கையாளும் மென்பொருள்கள், சில நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. எதிரே ஆள் இல்லை என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? உண்மையில் தெரிவதே இல்லை. கடைசியாக விசை தட்டப்பட்டதும் மவுஸ் நகர்ந்ததும் எப்போது என்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. விண்டோஸில் ‘கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ’ என்ற அழைப்பு அந்த நேரத்தைத் தருகிறது. லினக்ஸின் எக்ஸ்11-இல் ஸ்கிரீன்சேவர் நீட்டிப்பு, ஓய்ந்திருந்த நேரத்தை மில்லிவினாடிகளில் சொல்கிறது. ஆக, ‘ஆள் இல்லை’ என்பது வெறும் ஊகம். அது பிழைக்கவும் கூடும் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட நிரலைத்தான் நல்ல நிரல் என்பேன்.

ஊகம் பிழைக்கும் முதல் இடம், யாருடைய ஓய்வை அளக்கிறோம் என்பது. ஜாவா ஸ்விங்கில் எழுதிய ஒரு பயன்பாடு, தன் ஜன்னல்களுக்கு வரும் நிகழ்வுகளை மட்டுமே கேட்க முடியும். பயனர் பக்கத்து ஜன்னலில் எக்செல் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தாலும் அதன் கணக்கில் அவர் காணாமல் போனவர்தான். இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்பது கேள்வியானால் இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். இந்தப் பயன்பாடு இன்னும் தேவையா என்பது கேள்வியானால் அதன் சொந்தக் கணக்கே போதும். அளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். சாதாரண யுஎஸ்பி மவுஸ், நகரும்போது வினாடிக்கு 125 முறை வரை செய்தி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் டைமரை நிறுத்தித் தொடங்குவது வீண் வேலை. நேரத்தை மட்டும் குறித்து வைத்து, டைமர் அடிக்கும்போது கழித்துப் பார்த்து, மீதமிருந்தால் அந்த மீதத்துக்கு மட்டும் மறுபடி காத்திருந்தால் போதும். அந்த நேரத்தையும் சுவர்க்கடிகாரக் கணக்கில் எடுக்கக் கூடாது. யாராவது கணினியின் நேரத்தைத் திருத்திவிட்டால், ஒரு நொடியில் ஒரு மணி நேரம் ஓடிப்போகும்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும், நீண்ட ஆவணத்தைக் கண்ணால் படித்துக்கொண்டிருப்பவர் கணினிக்கு இல்லாதவரே. கேமராவை வைத்துப் பார்த்துவிடலாமே என்பார்கள். ஒரு திரையைப் பூட்டுவதற்காக மனிதரை நாள் முழுதும் படம்பிடிப்பது அதைவிடப் பெரிய தீங்கு. பாதுகாப்பில் இரக்கம் காட்ட முடியாது என்ற வாதம் இதைவிடக் கனமானது. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதி, 15 நிமிடங்களுக்கு மேல் ஓய்ந்திருந்தால் மறுபடி அடையாளம் கேட்கச் சொல்கிறது, அது நியாயமே. ஆனால் அடையாளம் கேட்பது வேறு, பாதி நிரப்பிய படிவத்தை அழிப்பது வேறு. பூட்டிய திரைக்குப் பின்னால் அந்தப் படிவம் பத்திரமாக இருப்பதால் திருடனுக்கு எந்த லாபமும் இல்லை. அழித்துவிட்டால், கை நடுக்கத்தோடு மெல்லத் தட்டச்சு செய்தவருக்கு அரை மணி நேர உழைப்பு போய்விடும். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, நேரம் முடியுமுன் எச்சரித்து, ஸ்பேஸ் விசையைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நீட்டித்துக்கொள்ள குறைந்தது 20 வினாடிகள் தரச் சொல்கிறது. டெஸ்க்டாப் பயன்பாடு எழுதுபவர்களும் இந்த 20 வினாடியைத் தாருங்கள். பூட்டும் முன் வரைவைச் சேமித்துவிடுங்கள்.