தேறலும் மண்டியும்

பரந்தன் முதலிய வன்னி ஊர்களில் இறக்கப்படும் பனங்கள்ளின் அடியிற் படியும் வெண்மண்டி வெறுங் கழிவுதானா என்பதையே ஈண்டு ஆராய்கின்றோம். பண்டைத் தமிழர் தெளிந்த கள்ளைத் 'தேறல்' என்றனர். தேறுதலாவது தெளிதல். மண்டியைத் தங்கவிட்டுத் தெளிவை வார்த்த வழக்கு அச்சொல்லாலேயே புலனாகும்.

அம்மண்டியிற் பெரும்பகுதி உயிருள்ள மதுவம். போத்தலிலேயே நொதிக்கவிடப்படும் மேனாட்டுப் பியரின் வண்டலும் அத்தகையதே. ஆயினும் கள்மண்டியிற் புளிப்பூட்டும் பற்றீரியாக்களும் செறிந்துள்ளன. அதனால் அப்பியரைப்போற் கள்ளை மாதக்கணக்கில் வைத்திருத்தல் இயலாது, காடியாகிவிடும்.

உயிருள்ள மண்டியோடு கள்ளைப் போத்தலில் இறுக அடைத்தலும் பேரிடரே. எஞ்சிய வெல்லத்தை மதுவம் நொதிக்கச் செய்ய, காபனீரொட்சைட்டு பெருகிப் போத்தல் வெடிக்கக்கூடும். இதுபற்றியே விற்பனைக்குரிய போத்தற் கள்ளைச் சூடேற்றி மதுவத்தைக் கொல்கின்றனர். கொன்றபின் அது மாவைப் பொங்கச் செய்யாது. அப்பஞ் சுடுவோர் அக்கள்ளை நாடுதல் வீண் செலவென்றே சொல்வோம்.

அவர்க்கு வேண்டுவது அன்றிறக்கிய கள். அதனை வாயகன்ற கலத்தில் இறுக மூடாது, அசையாது வைத்துத் தெளிவை மெல்ல இறுத்தபின், அடிமண்டியை அன்றே அரிசிமாவிற் கலந்து இரவு முழுதும் புளிக்கவிடுதல் தகும்.