92 நாளுக்கு 5,000 ரூபாய்: மரக்காணம் உப்பளத்தின் மழைக்காலக் கணக்கு

அக்டோபருக்கு 31, நவம்பருக்கு 30, டிசம்பருக்கு 31. கூட்டினால் 92 நாள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் இந்த 92 நாளும் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு விளையாது. வாருவதற்கு ஆளும் வேண்டியதில்லை. வேலை இல்லாத இந்த மூன்று மாதத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 54 ரூபாய் 35 காசு.

இது குடும்பக் கணக்கு. உப்பளத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தேதான் இறங்குகிறார்கள். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். மழை வந்தால் நிற்பது இரண்டு கூலி, வருவது ஒரு நிவாரணம். ஆளுக்கு 27 ரூபாய் என்று ஆகிறது.

2022-க்கு முன் இந்த வரவுக் கட்டத்தில் எதுவுமே இல்லை என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். 2023 செப்டம்பர் முதல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது கிடைக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு 3,000 சேர்த்து 8,000. அப்போதும் நாளுக்கு 87 ரூபாயைத் தாண்டவில்லை.

மழையில் உப்பு ஏன் விளையாது என்பதும் கணக்குதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சமையலுக்கு ஆகும் உப்பு 27 கிராம். ஆக, ஒரு டன் உப்புக்கு ஏட்டளவில் 37,000 லிட்டர் நீர் வற்றவேண்டும். கசிவைச் சேர்த்தால் இன்னும் கூடும். 3.5 போமே (உப்புநீர் அடர்த்தியின் அலகு) அளவில் உள்ளே வரும் நீர், பாத்தி பாத்தியாக நகர்ந்து 25 போமேயைத் தொடும்போதுதான் பரல் கட்டும். வாரக்கணக்கில் வெயில் சேர்த்துக் கொடுத்த அடர்த்தியை ஒரு ராத்திரி மழை கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த முறை பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு அரசு 2,000 ரூபாய் தந்தது.

மழை காலண்டரைப் பார்த்துப் பெய்வதில்லை. மே மாதம் ஒரு கோடை மழை அடித்தாலும் பாத்தி கலங்கும், வேலை நிற்கும், தினக்கூலி நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று எழுதப்பட்ட நிவாரணத்துக்கு அந்த நாட்கள் தெரியாது.

இனி பக்கத்துக் குப்பத்துக் கணக்கு. ஒரே கடற்கரை, ஒரே மழை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மண்டபம் மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார். நாளுக்கு 131 ரூபாய். மீன்பாடு குறைந்த மழைக்காலத்துக்குத் தனியாக 6,000. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 கட்டினால் ஒன்றிய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. அரசுகளின் பங்கு மட்டும் ஆண்டுக்கு 17,000 ரூபாய். உப்பளத்துக்காரருக்கு 5,000.

மீனவருக்கு அதிகம் போய்விட்டது என்று யாரும் இதைப் படிக்கவேண்டாம். 131 ரூபாயில் யாரும் பங்களா கட்டியதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மீனவருக்குத் தனித் துறை உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, கேட்டு வாங்கும் ஊர்க்கட்டு உண்டு. உப்பளத் தொழிலாளருக்கு 1982-ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியம் இருக்கிறது. அதில் பல தொழில்களுக்கு நடுவே அவர் ஒரு வரி.

5,000 என்பது எந்தக் கூலியிலிருந்து வந்தது? எதிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான். 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அந்த அளவுகோலால் 5,000 என்பது 15 நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைவு. 92 நாளில் 13 ஞாயிறு போக 79 வேலைநாள். ஒரு ஆளின் முழு இழப்பு 26,544 ரூபாய்.

அப்படியானால் மழைக்காலத்தில் 100 நாள் வேலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். சுற்றுக் கிராம ஊராட்சிகளில் இருப்பவர் போகலாம். ஆனால் மரக்காணம் பேரூராட்சி. ஊரக வேலை உறுதிச் சட்டம் பேரூராட்சி எல்லைக்குள் வராது. பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு அட்டை உண்டு, மற்றவருக்கு இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டம் நாட்களை 125 ஆக்குகிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்கிறது. நிறுத்தும் நாட்களை மாநிலம் மழைக்காலத்தில் குறித்துவிட்டால், உப்பளத்துக்காரருக்கு இருக்கிற ஒரு கதவும் மூடிக்கொள்ளும்.

தொலைவில் இதைச் சரியாக எழுதிய நாடு பிரேசில். மீன் முட்டையிடும் தடைக்காலத்தில் சிறு மீனவருக்கு மாதம் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் என்று 1991-ல் அங்கே சட்டம் போட்டார்கள். ரூபாய்க் கணக்கு அல்ல, சம்பளக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் ஏறினால் உதவியும் தானாக ஏறும். யாரும் மாநாடு கூட்டி அறிவிக்கவேண்டாம். நம் நாட்டிலேயே பெண் தொழிலாளர் அமைப்பான சேவா, வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் பணம் தரும் காப்பீட்டை 2023-ல் குஜராத்தில் 21,000 பெண் தொழிலாளரோடு தொடங்கியது. அவர்களில் உப்பளப் பெண்களும் உண்டு. விண்ணப்பமும் விசாரணையும் இல்லை, வெப்பமானி சொன்னால் போதும். வெயிலுக்குச் செய்ததை மழைமானியை வைத்து மரக்காணத்தில் செய்ய முடியாதா?

வெயிலின் செலவு தனிப் பக்கம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்தார்கள். 10 பேரில் 9 பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. மழைக்கு 5,000 உண்டு. இதற்கென்று ஒரு வரவும் இல்லை.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். 1953-ம் ஆண்டு உப்புத் தீர்வைச் சட்டப்படி ஒரு டன்னுக்கு 3 ரூபாய் 50 காசு வசூலானது. தொழிலாளர் நலமும் அதன் நோக்கங்களில் ஒன்று. வசூலிக்கும் செலவுக்கே காணாத தொகையாகச் சுருங்கவிட்டு, 2016-ல் சட்டத்தையே நீக்கினார்கள். கட்டடத் தொழிலாளருக்கு மட்டும் 1996-ம் ஆண்டுச் சட்டம் 1 சதவீதத்தில் தொடங்கிவைத்த கட்டுமானச் செலவுத் தீர்வை இன்றும் வருகிறது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆளின் பாதிக் கூலியாவது என்று வைப்போம். 168 ரூபாய், 79 நாள்: 13,272. அரசு தரும் 5,000 போகப் பற்றாக்குறை 8,272. கிலோவுக்கு 10 காசு, அதாவது டன்னுக்கு 100 ரூபாய் தீர்வை என்றால், இந்தப் பற்றாக்குறையை 83 டன் உப்பு அடைத்துவிடும். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஞாயிறு நீக்கினால் சுமார் 208 வேலைநாள். ஒரு குடும்பம் நாளுக்கு 400 கிலோ வாரினால் 83 டன் ஆகிவிடும். 20 கிலோ கூடையில் 20 நடை. உப்பளத்தில் நின்றவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பார்கள். காலை உணவுக்கு முன்பே அதைத் தாண்டியிருப்பார்கள்.

வாங்குபவர் பக்கம்: ஆளுக்கு நாளுக்கு 10 கிராம் என்று நாலு பேர் வீடு ஆண்டுக்குத் தின்பது 14.6 கிலோ. கூடுதல் செலவு ஆண்டுக்கு 1 ரூபாய் 46 காசு.

1930-ல் ராஜாஜி வேதாரண்யம் நடந்து போன நாட்டில் உப்புக்கு வரி என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வராது. ஆனால் அன்றைய வரி உப்பு விளைத்தவரிடமிருந்து போனது. இது அவரிடம் வரவேண்டியது. இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. உப்பு உற்பத்தி அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58-வது இனம், உப்புத் துறையின் தலைமையகம் ஜெய்ப்பூரில். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில். நிவாரணம் சென்னையில்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அமைப்புசாராத் தொழிலாளருக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கும் தருகிறது. தீர்வைக்கு ஒன்றியம் சம்மதிக்கும்வரை காத்திருக்கவேண்டாம். அடுத்த நிவாரண அரசாணையிலேயே தமிழ்நாடு அரசு மூன்று மாற்றம் செய்யட்டும்: 5,000 என்ற இடத்தில் கூலியின் பங்கு என்று எழுதட்டும், குடும்பம் என்ற இடத்தில் தொழிலாளர் என்று எழுதட்டும், மாதத்தின் பெயரோடு மழையின் அளவையும் சேர்க்கட்டும்.