மாத்தளைக்கு வாழ வந்தவர்களின் கடதாசிகள்

இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைத் தோட்டங்களில் இருப்பவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் வம்சம். கடல் நடுவில் இருந்தும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்தில் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டிவந்து லயத்தில் குடிவைத்தார்கள். அந்தப் பெண்களிடம் அன்று எவரும் வீசா கேட்கவில்லை. குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிறகு எல்லாம் மாறியது.

அதே ஆண்டில்தான் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். மணமானவருக்குச் சலுகை போலத் தெரியும். ஆனால் அவர் மனைவியும் கல்யாணமாகி ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து, அதன்பின் தொடர்ந்து இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்றது சட்டம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் நோயாலோ பயணக் காசில்லாமலோ அங்கே தங்கிவிட்டால், றப்பர் வெட்டியும் கொக்கோ பறித்தும் இங்கே உழைத்த கணவனின் விண்ணப்பம் அதனாலேயே விழலாம். ஒரு மனைவி தாய்வீட்டில் இருந்த நாட்களைக் கணக்குப் பார்த்து ஒரு மனிதனின் நாட்டை முடிவுசெய்தது பெரும் அநீதி.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தகப்பன் பிள்ளைகளையும் சேர்த்து இந்தியக் குடியுரிமைக்கு எழுதியிருப்பார். மகளோ பிறகு இலங்கைக்கு எழுதிய வீட்டில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். வெளியேறச் சொல்லி அறிவித்தல் வரும்போது அவளுக்குத் தாலியும் இருந்தது, இந்தியக் கடவுச்சீட்டும் இருந்தது. தலைமன்னார்க் கப்பலில் ஏறுவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கவில்லை.

இன்று சட்டம் வேறு. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு திருத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுவும் இதே அளவு பெரியது: தாய் வழியாகவும் பிள்ளை இலங்கையர் ஆகலாம். அதுவரை, வெளிநாட்டவரை முறைப்படி மணந்த தோட்டத்துப் பெண்ணின் பிள்ளை தகப்பன் நாட்டுப் பிள்ளைதான்.

வெளிநாட்டுத் துணைக்கு இன்று வதிவிட வீசா உண்டு. ஓராண்டு தொடர்ந்து வசித்தால் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். கொடுப்பது அமைச்சரின் விருப்பம். ஒரு காலம் சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த கல்யாணம் இன்று உரிமைக்குக் காரணம். ஆனாலும் பயம் முழுதாக விடவில்லை. வெளிநாட்டவர் இலங்கையரை மணக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2021 ஒக்டோபரில் சுற்றறிக்கை வந்ததை மறக்க முடியாது.

வீசாவுக்கு விவாகச் சான்றிதழ், இலங்கைத் துணையின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய வேண்டுகோள் கடிதம் எல்லாம் வேண்டும். நகரத்தில் இது ஒரு காலை வேலை. தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால், கிராம சேவகர், பிரதேச செயலகம், பதிவாளர் என்று அலைந்து திருத்திய பிறகுதான் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு பஸ் ஏறலாம். நாட்கூலியை விட்டுவிட்டுத்தான் இத்தனையும்.

அக்கரையிலும் இதே கதைதான். 1983 கலவரத்தில் மாத்தளையை விட்டு ஓடித் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தவர் இந்தியரை மணந்தால், ஏழாண்டு வசிப்புக்குப்பின் பதிவு கேட்க இந்தியச் சட்டம் இடம் தருகிறது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் போனவரையோ ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று அதே சட்டம் விலக்குகிறது. அவர் இந்தியத் துணையோடு ஊர் திரும்பினால், அந்தத் துணையின் வீசா விண்ணப்பத்தை மாத்தளை மாவட்டச் செயலகத்திலேயே ஏற்கும் ஏற்பாட்டை இலங்கை அரசு செய்யவேண்டும்.