பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன்...



நமது டிரஸ்ட் அலுவலகக் கணினியில் ஜகாத் கேட்டு வந்த மனுக்கள், விதவைகள் உதவித்தொகைப் பட்டியல், பிள்ளைகளின் கல்வி உதவி விண்ணப்பங்கள் எல்லாம் இருக்கின்றன. யாருக்கு என்ன கஷ்டம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. அது நம்மிடம் உள்ள அமானத்.

அந்தக் கணினி விண்டோஸ் 10-இல் ஓடியது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் உண்டு. அதன் பிறகும் கணினி ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைக்கப்படாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். நம் பழைய கணினியில் அது இல்லை.

ஒரு கடையில் குறைந்த காசுக்குத் திருட்டுப் பிரதி போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஜகாத் கணக்கு எழுதும் கணினியில் உரியவரின் அனுமதி இல்லாத பொருளா? மனம் ஒப்பவில்லை. அத்தகைய பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வரக்கூடும்.

கல்லூரியில் படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் லினக்ஸ் மின்ட் பற்றிச் சொன்னார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது இது. சட்டப்படியே இலவசம், யாரும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது, நிறுவாமலேயே பார்க்க முடிவதுதான். முறை இதுதான்:

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள்.

2. லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் அதற்கான மென்பொருள் மூலம் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

3. கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து துவக்குங்கள். ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. சற்று மெதுவாக ஓடும்.

4. வைஃபை, ஒலி, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு நான்கையும் சோதியுங்கள்.

5. திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். 'டிஸ்கை அழி' என்ற இடத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே அழுத்தினால் பழையவை திரும்பாது.

சிரமங்களும் இருந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்து என்னைத் திடுக்கிட வைத்தன. அந்த எழுத்துருவைச் சேர்த்ததும் சரியாயின. டேலி இதில் நேரடியாக ஓடாது. அதை நம்பித் தொழில் செய்பவர்கள் யோசித்து இறங்குங்கள். கடிதம், கணக்குப் பட்டியலுக்கு லிப்ரே ஆபீஸ் உடன் வருகிறது. ஒரு வாரம் கை தடுமாறியது. பிறகு பழகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் கிடக்கிறதா? வீண் விரயம் வேண்டாம். அஸருக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சோதித்துப் பார்ப்போம். உங்களுக்கு உதவாவிட்டால், இன்ஷா அல்லாஹ், கணினி வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்