கதையை விட்டுட்டு கரையைப் பார்த்தோம்!

பட்டு நெய்கிற ஊர்ப் பெண்கள் சினிமா பார்ப்பதே தனி தினுசு. திரையில் கல்யாண வீடு வந்துவிட்டால் போதும், எங்க வரிசையில் பேச்சு ஆரம்பித்துவிடும். "இது கோர்வை இல்லடி, விசைத்தறி!" "ஜரிகையைப் பாரேன், தேய்ச்ச பித்தளை மாதிரி!" கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. இரண்டும் சேருகிற இடம் பழகின கண்ணுக்குத் தப்பாது. ஹீரோ என்ன வசனம் பேசினார் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்!

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) அந்த வம்பே இல்லாத படம். தெருவில் ஏழு பேராகச் சேர்ந்து தியேட்டருக்குப் போனோம். இலங்கையிலிருந்து படகில் வந்து சென்னையில் பயந்து பயந்து குடித்தனம் பண்ணும் சசிகுமார் - சிம்ரன் குடும்பம். யாரோ ஒரு பாட்டி செத்துப் போனதற்கு அந்தத் தெருவே கூடுகிற கட்டத்தில், ஏழு பேரும் முந்தானையை எடுத்துவிட்டோம். ஒண்ணா உட்கார்ந்து அழுகிற சுகம் வீட்டில் கிடைக்காது.

வீட்டில் பார்த்தது 'லப்பர் பந்து' (2024). நடுவில் குக்கர் விசில், பால், கொரியர். ஆனாலும் சுவாசிகா டிராக்டரோடு வந்து புருஷன் கிரிக்கெட் ஆடும் இடத்தையே உழுது தள்ளும் காட்சியை மட்டும் மூன்று தரம் திருப்பிப் போட்டேன். "எதுக்கு அதையே போடறே?" என்றார் எங்க வீட்டுக்காரர். நான் வாயே திறக்கலையே!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பழைய படம் ஒன்றைப் பற்றி. பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்'. 2009-ல் தியேட்டருக்கு வந்தது. சிறந்த படம், சிறந்த நடிகர் என்று இரண்டு தேசிய விருது வாங்கியது. எங்க ஊர்ப் பேரில் வந்த படத்தை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம், அதுவும் மகள் தன் போனை டி.வி.யோடு இணைத்துப் போட்டதால்.

பிரகாஷ்ராஜ் தான் வேங்கடம் என்கிற நெசவாளி. கல்யாணத்துக்குப் பட்டுடுத்திய பெண்டாட்டியோடு வருவேன் என்று சொன்னவர், முடியவில்லை. மகளுக்காவது பட்டுக் கட்டித்தான் கல்யாணம் என்று குழந்தையாக இருக்கும்போதே அவள் காதில் சொல்லிவிடுகிறார். அதற்காக வேலை செய்யுமிடத்தில் பட்டு இழையை வாயில் அடக்கிக் கொண்டு வந்து, ராத்திரியில் ரகசியமாக நெய்கிறார்.

இந்த இடத்தில் எங்க வீட்டில் படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. "பட்டை நிறுத்துக் கொடுக்கிறாங்க, புடவையை நிறுத்து வாங்கறாங்க. எடை குறைஞ்சா தறிக்காரன் பேர் போச்சு. நம்ம ஊர் பேரை வச்சு நெசவாளியைத் திருடன்னு காட்டறதா?" என்று இவருக்குக் கோபம். என் மாமியார் நாற்பது வருஷம் தார் சுற்றி, கோர்வைக்கு ஓரத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியவர். அவர் கேட்டது வேறே. "வாயில ஒளிச்ச துண்டு இழையில ஊடை போடலாம். பாவுக்கு நீள இழை வேணுமே, அது ஏது?" எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பிறகு மகனைப் பார்த்து, "அவன் யாருக்குடா திருடினான்? உங்கப்பா எனக்காக ஒரு இழை எடுக்கலையேன்னு நான் எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?" என்றார். தன் கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டி கட்டினவர் அவர். இவர் பதிலே பேசவில்லை. மகள்தான் மறுபடி படத்தை ஓடவிட்டாள்.

பிரகாஷ்ராஜ் நடிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரேயா ரெட்டியும் நன்றாகச் செய்திருக்கிறார். எனக்கு ஒரே குறை. ஆசை, ஏக்கம், அவமானம் எல்லாம் ஆணுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு புடவை தறியை விட்டு இறங்குவதற்குள் வீட்டுப் பெண்களின் கை எத்தனை தடவை படுகிறது! நூல் பிரிப்பது, ராட்டையில் சுற்றுவது, விடியற்காலை தெருவில் பாவு விரிக்கும்போது அறுந்த இழையை முடிவது... தறியில் உட்காராத வேலைக்குப் பேரும் இல்லை, பல வீட்டில் தனிக் கூலியும் இல்லை. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தார் சுற்றுகிற கைக்கு என்ன கிடைத்தது என்று எந்த டைரக்டராவது ஒரு படம் எடுத்தால், முதல் டிக்கெட் எனக்கு.

முடிவை இங்கே எழுதமாட்டேன். பாதியில் நின்ற அந்தப் புடவையை வேங்கடம் கடைசியில் என்ன செய்கிறார் என்று நீங்களே பாருங்கள். சின்னக் குழந்தைகளை அதற்கு முன்னால் தூங்க வைத்துவிடுங்கள். ராத்திரி சாப்பாட்டையும் முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள். எங்க வீட்டில் அன்று குழம்பு அப்படியே மீந்துவிட்டது.

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.